வெயில் விழாத வராந்தா

எதிர்வீட்டில் மறுபடியும் சத்தம் கேட்டபோது கண்ணாடிக்காரி பசைத் துப்பாக்கியும் கையுமாகக் குனிந்திருந்தாள். பாதியில் நிறுத்தக்கூடிய வேலை இல்லை அது. ஜோடி சேர்த்த இரண்டு கண்ணாடிகளின் விளிம்பைச் சுற்றிப் பசை ஒரே இழுப்பில் ஓட வேண்டும். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஓட்டை விழும். அதன் வழியாக ஈரம் உள்ளே நுழையும். ஒரு மழைக்காலம் போவதற்குள் ஜன்னலின் வயிற்றுக்குள் பனி கட்டிக்கொள்ளும். அதனால் காதை மட்டும் தெருவுக்கு அனுப்பிவிட்டுக் கையை ஓடவிட்டாள்.

"பிளாஸ்டிக் நாற்காலிக் கை உருகி வழிஞ்சிருக்கே, தானா உருகிச்சா? அதுக்கென்ன காய்ச்சலா வந்துச்சு?" தையல்காரியின் குரல் அது.

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. சத்தியமாச் சொல்றேன்."

"சத்தியத்தையும் சேர்த்துல்ல ஊதித் தள்ளியிருக்கீங்க! ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு என்ன சொன்னீங்க? இனிமே சிகரெட்டைக் கையால தொட்டா என்னை மனுஷனே இல்லைன்னு சொல்லுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப இது என்ன?"

தையல்காரியின் கணவரைத் தெருவில் டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர் அவர். ரோட்டில் குறுக்கே வந்தவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்ததில் வீட்டுக்கென்று வார்த்தை மிச்சம் வைக்கவில்லை என்று தெருவில் கேலி செய்வார்கள்.

கண்ணாடிக்காரி கடைசி மூலையைத் திருப்பி, பசையைக் கத்தியால் வழித்துவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது.

"பாவம் அந்த அக்கா," என்றாள் கணவனிடம். "இந்த மனுஷன் திருட்டுத்தனமா ஊதிட்டுத்தான் இருக்காரு போல. நுரையீரல்ல பாதியை வெட்டி எடுத்தும் புத்தி வரலை."

அவள் கணவன் கழுவிய கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துத் தூசு பார்த்துக்கொண்டிருந்தான். "நமக்கெதுக்கு ஊர் வம்பு," என்றான். அவன் கவலை வேறு. மாணவர் விடுதிப் பொறுப்பாளர் அம்மா இந்த வாரம் பட்டறையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த விடுதியின் ஜன்னல் வேலை கிடைத்தால் இரண்டு வருடத்துக்கு இந்தத் தகரக் கொட்டகையில் அடுப்பணையாது. கிடைக்காவிட்டால் என்ன என்பதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

வீடு என்றால் அவர்கள் மூன்று பேர். கண்ணாடிக்காரி, அவள் கணவன், கணவனின் தம்பி. தம்பிக்குத் தெருவில் 'பூச்சு' என்று பெயர். எதைப் பேச ஆரம்பித்தாலும் கண்ணாடியின் மேல் பூசும் பூச்சில் கொண்டுவந்து முடிப்பான். டீக்கடையில் டீ ஆறிப்போனால்கூட, "கிளாஸ்ல நம்ம பூச்சு இருந்தா ஆறியிருக்குமா?" என்பான். கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு அது. வெளிச்சத்தை உள்ளே விடும். அறையின் சூட்டை வெளியே போகவிடாமல் திருப்பி அனுப்பும். இதெல்லாம் பெரிய கட்டடங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. ஆனால் இரட்டைக் கண்ணாடியின் கனம் தாங்க வேண்டுமென்றால் பழைய மரச்சட்டத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். சாதாரண வீட்டுக்காரனால் ஆகிற காரியமா?

பூச்சுதான் வழி கண்டுபிடித்து வந்தான். மெல்லிய கண்ணாடியிலேயே அந்தப் பூச்சைப் போட்டுத் தரும் புது ஆலை ஒன்று அவனுக்கு எப்படியோ பழக்கமாயிற்று. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் அலுமினியப் பட்டைக்குப் பதிலாக, ஈரத்தை உறிஞ்சும் தூள் கலந்த ரப்பர் பட்டை. மொத்த ஜன்னலையும் ஓர் ஆள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறிவிடலாம். பழைய சட்டத்திலேயே பொருத்தலாம். குளிர்காலம் பூராவும் கம்பளிக்குள் சுருண்டு கிடந்த குடும்பங்கள் சட்டையோடு உட்கார்ந்து சாப்பிடலாம்.

முதல் ஜன்னலைத் தங்கள் வீட்டு மாடியிலேயே, தெருவைப் பார்த்தபடி மாட்டினார்கள். "நாமளே போட்டுக்கலைன்னா எவன் நம்புவான்?" என்றான் பூச்சு. கோடையில் கொட்டகை கொதிக்கக் கொதிக்க உட்கார்ந்து ஒட்டிய ஜன்னல் அது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருமுனை வீட்டுக்காரர் தன் மாடிக்குப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வீடுகள். குளிர் இறங்கியதும் எல்லாரும் வந்து வாயாரச் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரிக்கு உச்சி குளிர்ந்தது. பசையெல்லாம் அவள் கைப்பசை அல்லவா?

நாற்காலிச் சண்டைக்கு மறுநாளே அடுத்தது வந்தது.

தையல்காரி பள்ளிச் சீருடைகள் தைத்து, மடித்து, வராந்தாப் பலகையில் அடுக்கி வைத்திருந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் பின்னறையில் தைக்க உட்கார்ந்தாள். டிரைவர் படுக்கையில் சாய்ந்தார். வந்து பார்த்தால், மேலே இருந்த சட்டைகளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் துணி பழுப்பேறிச் சுருங்கி, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. நான்கைந்து மடிப்பு ஆழத்துக்குத் தீய்ந்திருந்தது.

இந்த முறை தையல்காரி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சட்டையை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் போட்டாள். "வீட்டோட கொளுத்திட்டுப் போயிருங்க. எனக்கும் நிம்மதி," என்றாள். டிரைவர் சட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அவர் திரும்பவில்லை.

அடுத்த நாள் உச்சிப்பொழுதில் கண்ணாடிக்காரிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பாத்திரத்தில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"நான் சாப்பிட்டாச்சும்மா," என்று பின்னறையிலிருந்து பொய் சொன்னாள் தையல்காரி. தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. பாழான சட்டைகளுக்குப் பதில் சட்டை தைத்துத் தீர வேண்டும்.

"வாசல்லயே வெச்சிட்டுப் போறேன்கா. பசிச்சா எடுத்துக்கங்க," என்று வராந்தாவிலேயே நின்றாள் கண்ணாடிக்காரி.

வடக்குப் பார்த்த வராந்தா அது. குளிர்காலத்தில் சூரியன் அந்த வீட்டின் முதுகுப் பக்கமாகவே தாழ வந்து தாழப் போய்விடும். அங்கே வெயில் விழுந்து யாரும் பார்த்ததில்லை. ஈரத் துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது. அப்படிப்பட்ட இடத்தில், வாசல் திரைச்சீலையின் மேல், நாலு மூலையும் இழுத்துப் பிடித்த நட்சத்திரம் போல ஒரு வெளிச்சம் கிடந்தது. நடுவில் கண் கூசும் வெள்ளை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளையிலிருந்து நூல் போல ஒரு புகை எழுந்தது.

பாத்திரத்தைத் தரையில் போட்டுவிட்டு உள்ளங்கையால் திரையை அடித்தாள். கை சுட்டது. திரையைச் சுருட்டி ஒதுக்கினாள். வெளிச்சம் இப்போது அவள் மணிக்கட்டில் விழுந்தது. அடுப்பின் மேல் கையை நீட்டியது போல இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தவள் முகத்தைச் சடாரென்று மூடிக்கொண்டாள். எதிரே, அவளுடைய சொந்த வீட்டு மாடியில், அவள் கையால் ஒட்டிய ஜன்னலில், ஒரு சூரியன் எரிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, கருகல் வாசனை வருது?" உள்ளே இயந்திரம் நின்றது.

"ஒண்ணுமில்லைக்கா. தெருவுல எவனோ குப்பையக் கொளுத்துறான்."

அந்தப் பொய் எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மளமளவென்று பலகையிலிருந்த துணிகளை உள்ளே தள்ளினாள். நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டாள். சிந்திய சோற்றைக்கூட அள்ளாமல் தெருவைத் தாண்டி ஓடினாள். மாடிக்கு ஏறி, கையில் கிடைத்த சாக்கை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக் கட்டிய பிறகுதான் மூச்சு வந்தது.

கணவனும் பூச்சும் அவள் கூப்பிட்ட குரல் கேட்டு மேலே ஓடி வந்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டுப் பூச்சு சிரித்தான். "ஜன்னல் என்ன அண்ணி பூதக்கண்ணாடியா? தட்டையான கண்ணாடி எப்படிச் சுடும்?"

அவள் கணவன் சிரிக்கவில்லை. கீழே போய் இரும்பு அளவுகோலை எடுத்து வந்து, சாக்கை விலக்கி, கையை வெளியே விட்டுக் கண்ணாடியின் குறுக்கே படுக்கவைத்தான். இரண்டு ஓரத்திலும் அளவுகோல் தொட்டது. நடுவில் தொடவில்லை. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது.

"பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி ஒட்டிக் கெடக்கு," என்றான்.

பூச்சின் முகம் வெளுத்தது. பிறகு அவனே மெதுவாகச் சொன்னான். "வெக்கையில ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல அடைச்ச காத்து அண்ணே. குளிர்ல சுருங்கிருச்சு. கனமான கண்ணாடின்னா தாங்கியிருக்கும். இது மெல்லிசு, வளைஞ்சு குடுத்துருச்சு. பூச்சு வேற வெயிலத் தூக்கி அடிக்குது. குழிஞ்ச கண்ணாடி மாதிரி எல்லாத்தையும் ஒரே இடத்துல கொண்டுபோய்க் கொட்டுது."

"அப்ப டிரைவர் அண்ணன் சிகரெட் பிடிக்கலை," என்றாள் அவள்.

கணவன் சாக்கை மறுபடி இழுத்து மூடினான்.

"நான் போய் அந்த அக்காகிட்ட சொல்லிட்டு வர்றேன்."

"அண்ணி, இருங்க," என்று குறுக்கே வந்தான் பூச்சு. "சொல்லலாம். சொல்ல வேணாம்னு யார் சொன்னா? விடுதி அம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும். சாக்குதான் கட்டியாச்சே, இனி ஒண்ணும் ஆகாது. இப்ப சொன்னா, கண்ணாடிக்காரன் வீட்டு ஜன்னல் ஊரைக் கொளுத்துதுன்னு சாயங்காலத்துக்குள்ள பரவிரும். அப்புறம் நம்மள எவன் சீந்துவான்?"

"அந்த மனுஷன் அங்க தங்கச்சி வீட்டுல உக்காந்திருக்காரே!"

"ரெண்டு நாள் தங்கச்சி வீட்டுச் சோறு சாப்பிட்டா கொறஞ்சா போயிடுவாரு?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அளவுகோலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி சொல்றதும் சரிதான்," என்றான் கடைசியில், அவள் முகத்தைப் பாராமல்.

கண்ணாடிக்காரி படியிறங்கினாள். பாதிப் படியில் சட்டென்று நின்று மேலே பார்த்துக் கேட்டாள்: "மத்த வீடுங்க?"

மேலே இருந்தவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு வீட்டு ஜன்னல்கள் சூரியனே படாத பக்கம், அதில் பயமில்லை. தெருமுனை வீட்டு மாடி மேற்கே பார்த்தது. இனிமேல்தான் அங்கே வெயில் இறங்கும். அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். பழைய பேப்பர் கடை.

பூச்சு சைக்கிளை எடுத்தான். அவன் ஏறி மிதிக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை; ஓட்டமும் நடையுமாக முன்னே போனாள். வழியில் யாரோ, "என்ன இவ்வளவு அவசரம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. மனசுக்குள் புகை வாசனை வந்துகொண்டே இருந்தது. நிஜமாகவே வருகிறதா, நினைப்பா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பேப்பர் கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே கடைக்காரர் மூட்டையின் மேல் சாய்ந்து மதியத் தூக்கத்தில் இருந்தார். வாசலில் அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக்கி, கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அடுக்கின் பக்கத்தில் சுவரின் மேல் அந்த வெளிச்சம் கிடந்தது. அசையாதது போலத்தான் இருந்தது. ஆனால் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நேரத்துக்குள் அதன் ஒரு முனை அட்டையின் ஓரத்தைத் தொட்டுவிட்டது.

அட்டைக் கட்டை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. வேறொன்றும் தோன்றாமல், அடுக்குக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"மேல போ! சாக்கைக் கட்டு!" என்று கத்தினாள். பூச்சு சைக்கிளைச் சுவரில் எறிந்துவிட்டுத் தெருமுனை வீட்டுக் கதவைத் தட்டினான். கதவு உடனே திறக்கவில்லை. அவன் கதவைத் தட்டும் சத்தமும், "சார்! சார்!" என்ற குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

முதலில் இதமாகத்தான் இருந்தது. பிறகு தோள்பட்டையில் யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தது போல ஒரு காந்தல். சேலைத் தலைப்பை மடித்து முதுகில் போட்டுக்கொண்டாள். லேசாக நகர்ந்து நகர்ந்து சூட்டை வெவ்வேறு இடத்தில் வாங்கினாள். நகர்ந்தால் அட்டையில் விழுமோ என்ற பயத்தில் மறுபடி பழைய இடத்துக்கே வந்தாள்.

கூச்சலில் கடைக்காரர் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "என்னம்மா இங்க நிக்கிற? யாரையாவது தேடுறியா?"

ஒரு பொய் நாக்கின் நுனி வரை வந்தது. முதுகு காந்தியது.

"உங்க அட்டை பத்திக்காம இருக்க நிக்கிறேங்க," என்றாள். "அந்த மாடி ஜன்னல் நாங்க போட்டது. அதுலேர்ந்து வெயில் திரும்பி இங்க வந்து சுடுது. எங்க தப்பு. மொதல்ல இந்தக் கட்டை உள்ள இழுங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பித்துப் பிடித்தவளோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது. அவள் ஒதுங்கிக் கையைக் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் விரலை நீட்டினார். "அம்மாடி!" என்று உதறினார். அடுத்த நிமிடம் இருவருமாக அட்டைக் கட்டுகளை உருட்டித் தள்ளினார்கள். எதிரே மாடியில் பூச்சின் கை ஒரு போர்வையை ஜன்னலுக்கு வெளியே விரித்தது. சுவரிலிருந்த வெளிச்சம் அணைந்தது.

கீழே இறங்கி வந்த பூச்சு அவள் முதுகைப் பார்த்தான். ரவிக்கைக்கு மேலே தோல் கன்றிச் சிவந்திருந்தது.  சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தான். தையல்காரி வீட்டு வாசல் வந்ததும், "நானும் வர்றேன் அண்ணி. மெல்லிசுக் கண்ணாடி என் யோசனை," என்றான்.

தையல்காரி எல்லாவற்றையும் கேட்டாள். சிந்திய சோறு அள்ளப்படாமல் கிடந்த காரணமும் அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து நின்றார்கள். அவள் கையிலிருந்த சட்டையைப் பித்தான் பித்தானாகப் பூட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவர் வாயை மோந்து பாத்தேம்மா," என்றாள். "சட்டையை மோந்து பாத்தேன். வாசனையே இல்லை. இருந்தும் நம்பலை. ஏலக்காய் மென்னிருப்பாருன்னு நெனச்சேன்." பிறகு, "நட," என்று எழுந்தாள்.

டிரைவர் தங்கை வீட்டு முற்றத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் ஆள் இளைத்தது போலத் தெரிந்தார். கண்ணாடிக்காரிதான் சொன்னாள். எதையும் ஒளிக்கவில்லை, குப்பை எரிக்கிறார்கள் என்று சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னாள்.

அவர் சட்டைப் பையைத் தடவினார். "அப்போ நான் சிகரெட் குடிக்கலையா?" என்றார்.

"என்ன அண்ணே இப்படிக் கேக்குறீங்க?"

"இல்லைம்மா. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுத்ததுலேர்ந்து சில சமயம் எல்லாம் மறந்து போகுது. அன்னிக்குச் செருப்பை மாட்டிட்டே செருப்பைத் தேடினேன். மறதியில பத்தவெச்சு, மறதியிலயே போட்டுட்டேனோன்னு... ரெண்டு நாளா என் சட்டைப் பையை நானே தடவிப் பாத்துட்டு இருக்கேன்."

தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணாடிக்காரிக்கு முதுகின் காந்தலைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது.

"நீயும் நம்பினியாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"நம்பினேன் அண்ணே. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லவும் செஞ்சேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. முக்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி, வீட்டுக்குப் போலாம்," என்றார் மனைவியிடம்.

விடுதிப் பொறுப்பாளர் அம்மா வந்தபோது மாடி ஜன்னலில் சாக்கு தொங்கியபடியே இருந்தது. அதைக் கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் கேட்பதற்கு முன்பே கண்ணாடிக்காரியின் கணவன் அளவுகோலை வைத்துக் காட்டிவிட்டான். பேச்சில் தடுமாறினான், ஆனால் முழுக்கச் சொன்னான். அந்த அம்மா பூச்சைப் பற்றியும் ரப்பர் பட்டையைப் பற்றியும் நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில், "பிள்ளைங்க இருக்கிற இடம். இப்ப என்னால சரின்னு சொல்ல முடியாது. வளையாம ஒண்ணு செஞ்சு, ஒரு குளிர் தாண்டினதும் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிட்டால் வருவாரா என்று அவர் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் கொட்டகை திறந்தது. வெளிப்பக்கத்துக்கு மட்டும் கனமான கண்ணாடி போட்டுப் பார்க்கலாம், சட்டம் தாங்குமா தெரியாது என்றான் பூச்சு. குளிரிலேயே ஒட்டிப் பார்க்கலாம், கோடையில் வயிறு வெளியே தள்ளினால் தள்ளட்டும், அது வெயிலைச் சிதறத்தான் அடிக்கும் என்றான் அண்ணன். மேற்கு ஜன்னலுக்கும் தங்கள் மாடி ஜன்னலுக்கும் வெளியே கம்பி வலை அடித்தார்கள். வெளிச்சம் உடைந்து பொடிப்பொடியாகப் போயிற்று. கண்ணாடிக்காரி அதை நம்பவில்லை. உச்சிப்பொழுதானால் கையைக் கழுவிவிட்டு எதிர் வராந்தாவில் போய் நின்றுவிட்டு வருவாள். பிறகு பேப்பர் கடை வரைக்கும் நடப்பாள். கடைக்காரர், "போலீஸ்காரம்மா வந்தாச்சு," என்பார்.

ஒருநாள் டிரைவர் தெருவைத் தாண்டிக் கொட்டகைக்கே வந்தார்.

"ஒரு விஷயம் கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது," என்றார். "கொளுத்தாம, சும்மா வெயில் மட்டும் எங்க வராந்தாவுக்கு அனுப்ப முடியுமா? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அங்க உக்காந்து வெறைச்சிட்டிருக்கேன்."

கண்ணாடிக்காரி பசைத் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். "ஐயோ, வேணாம் அண்ணே," என்றாள். ஆனால் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரத்தில் அவர்கள் முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது. கனமான, தட்டையான பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்து, மாடிச் சுவரில் சாய்த்து, ஆப்பு வைத்துச் சரிபார்த்தார்கள். நடுப்பகலில், கதவு அகலத்துக்கு, ஓரம் பிசகாத ஒரு வெயில் எதிர் வராந்தாவில் போய் விழுந்தது. டிரைவர் பாயைப் போட்டு அதில் உட்கார்ந்தார். சட்டைப் பித்தானைத் திறந்து ஆபரேஷன் தழும்பைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினார். தையல்காரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ராஜா உக்காந்துட்டாரு," என்றாள்.

கண்ணாடிக்காரி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பாயைத் தொட்டுப் பார்த்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுதா அண்ணே?"

"இல்லைம்மா. இதமா இருக்கு."

"சுட்டா உடனே சொல்லணும்."

"சொல்றேன், நீ போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. வெயில் நகர்ந்து சுவரைத் தாண்டிப் போகும் வரை அங்கேயே நின்றாள்.